பவானிக்கரையிலிருந்து வந்த துண்டு

பழைய வேட்டித் துணியில் சுற்றி
சத்தியமங்கலம் பஸ்ஸில் ஓட்டுநர் சீட்டுக்குப் பின்னால் வைத்து
அனுப்பியிருந்தார்கள்.
பிரித்தால் கரும்புச் சக்கை வாசம்.
கையகல குரோமியம் எஃகு.
ஆலைக் கொதிகலனின் இரட்டைத் தலைக்குழாயில்
ஒன்றைக் கழற்றி அறுத்தது.
மற்றது
இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

கணபதியில், பம்பு வார்க்கும் பட்டறைகளுக்கு நடுவே
எங்கள் சோதனைக்கூடம்.
வார்ப்பட மணல் ஜன்னலில் படியாத நாள் இல்லை.
உப்புத்தாளில் தேய்த்தேன், வைரப் பசையில் தேய்த்தேன்,
ஸ்பிரிட்டில் கலந்த அமிலத்தில் ஆறு நொடி.

விரிசல் என்றால் வெற்றிடம் என்று
கல்லூரி சேரும்வரை நினைத்திருந்தேன்.
இது நிரம்பியிருந்தது.
சாம்பல் நிறத்தில், கெட்டியாக.
இரும்பு தன் புண்மேல் தானே கட்டிய பொருக்கு;
பொருக்குக்குப் புண்ணைவிட அதிக இடம் வேண்டும்,
ஆப்பாக இறங்குகிறது.

ஐந்நூற்று இருபது டிகிரியில் ஓடி
ஆலை நின்றால் குளிரும்.
இரும்பு ஓரளவு சுருங்கும், பொருக்கு வேறளவு.
நடுவே கீறும்.
மறுநாள் அந்தக் கீறலுக்குள் நீராவி நாக்கை விடும்.
புதுப் பொருக்கு.
அடுத்த நிறுத்தம்.

அடுக்குகளை எண்ணினேன், பத்தொன்பது.
திரும்ப எண்ணினேன், பதினெட்டு.
மூன்றாம் முறை இருபது வந்ததும்
கண்ணை எடுத்துவிட்டு ஒரு தேங்காய் பன் தின்றேன்.
எப்படிப் பார்த்தாலும்
ஆலைப் பதிவேட்டில் இருப்பது பதினொன்று.

இரவு ஷிப்டில் சென்னியப்பன் போனை எடுத்தார்.
"பதினொண்ணுதானுங்க எழுதியிருக்கு."
பின்னால் அரவை இரைந்தது.
"டிரிப் ஆகறதையெல்லாம் நிறுத்தம்னு எழுதறதில்லீங்க.
சக்கை ஈரமா வந்தா அணைஞ்சுரும்.
மறுக்கா பத்த வெச்சு அர மணியில ஏத்தீருவோம்.
வெளிய வண்டி நிக்குதுங்களே."

நிற்கும்.
வெட்டிய கரும்பு வெயிலில் கிடந்தால்
எடை இறங்கும், பணம் இறங்கும்.
அந்த வரிசையில் டிராக்டர் ஒன்றில்
என் கொழுந்தன் லோகு கம்பளி போர்த்திப் படுத்திருப்பான்,
மூன்று ஏக்கர்க் கரும்போடு.
"தை கடைசி வரைக்கும் தாங்கும்னு
ஒரு வார்த்த எழுதிக் குடுங்க" என்று
மேலாளர் காலையிலேயே சொல்லிவிட்டார்.
ஒரே ஒரு வார்த்தை. உண்மைதான்.

எழுதலாமா என்று நுனியைத் தேடிப் போனேன்.
மழுங்கியிருந்தது,
சுண்டுவிரல் முனைபோல.
மழுங்கிய விரிசல் தூங்கினாலும் தூங்கும்;
பல வருஷம் அசையாமல் கிடந்தவற்றைப் பார்த்திருக்கிறேன்.
அப்படி நம்பத்தான் எனக்கும் ஆசை.
லென்ஸைத் திருப்பினேன், ஆயிரம் மடங்கு.

நுனிக்கு முன்னால், இன்னும் பிளக்காத இரும்பில்,
மணிகளுக்கிடையே ஓடும் வரப்பில்
கரும்புள்ளிகள்.
ஒன்று. ஒன்று.
கொஞ்சம் இடம் விட்டு மூன்று சேர்ந்தாற்போல்.
நிலம் அளக்க வந்தவன்
முளைக்குச்சி அடித்துவிட்டுப் போயிருக்கிறான்.
கயிறு கட்டுவதுதான் பாக்கி.

அறிக்கையில் 'மீத ஆயுள்' என்றொரு கட்டம்.
மணி ஒன்றே முக்கால்.
பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஜன்னலைத் தட்டுகிறது;
குளிர்ந்த இரும்பை அது ஒன்றும் செய்யாது,
செய்தாலும் சாவகாசமாகத்தான்.
பேனாவை மூடிவிட்டு
மறுபடி சென்னியப்பனைக் கூப்பிட்டேன்.

"இப்ப எங்க நிக்கறீங்க?"

"மேல்தட்டுலீங்க. தலைக்குழாய்க்கு நேர் அடியில.
மார்கழிப் பனிக்கு இங்கதானுங்க கதகதப்பு.
பசங்க ரெண்டு பேரும் இங்கயே படுத்துட்டாங்க."

எழுப்புங்க, என்றேன்.